கடலுக்குக் கிளம்பும் முன்: வானிலை அறிக்கையை வைத்துப் பயணத்தைத் திட்டமிடுவது எப்படி?

சிறிய படகில் போகப் பழகுபவர்கள் வானிலை அறிக்கையைத் திறந்ததும் தேடுவது, ‘நாளை காலை எப்படி இருக்கும்?’ என்பதைத்தான். காலையில் நீங்கள் கரையோரம்தான் இருப்பீர்கள். சரியில்லை என்றால் திரும்பிவிடலாம். கரை கண்ணுக்குத் தெரியாத இடத்தில், மாலை நான்கு மணிக்குக் காற்று என்ன செய்யும் என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

படி 1: எல்லையை முன்கூட்டியே எழுதுங்கள்

காற்றின் வேகம் இத்தனை நாட், அலை இத்தனை மீட்டர், அதற்கு மேல் என்றால் கிளம்புவதில்லை. இதை அறிக்கையைப் பார்ப்பதற்கு முன்பே எழுதி வையுங்கள். பார்த்த பிறகு எழுதினால், போக வேண்டும் என்ற ஆசை அந்த எண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிவிடும். படகில் வருபவர்களில் அனுபவம் குறைந்தவரை மனத்தில் வைத்து எல்லையை முடிவு செய்யுங்கள். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். காற்று 10 நாட்டிலிருந்து 20 ஆகக் கூடினால், படகின் பாயில் விழும் அழுத்தம் நான்கு மடங்காகிறது.

படி 2: பயணத்தை மணிக்கணக்கில் பிரியுங்கள்

போக வேண்டியது 60 கடல் மைல் (ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர்), படகின் வேகம் 5 நாட், அதாவது மணிக்கு 5 கடல் மைல் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 12 மணி நேரம். காலை 5 மணிக்குக் கிளம்பினால் 8 மணிக்கு 15ஆவது மைல், 11 மணிக்கு 30, பிற்பகல் 2 மணிக்கு 45, மாலை 5 மணிக்குக் கரை. ஒரு தாளில் இந்த நேரங்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அந்த இடத்தில் அந்த நேரத்துக்கான காற்று, அலை உயரம், அலை இடைவெளி (படி 3-இல் விளக்கம்) மூன்றையும் குறியுங்கள்.

அப்புறம் இன்னொரு கணக்கும் போடுங்கள். எதிர்காற்றில் வேகம் 4 நாட்டாகக் குறைந்தால் பயணம் 15 மணி நேரமாகிவிடும். இரவு 8 மணிக்குத்தான் போய்ச் சேருவீர்கள். அந்தக் கூடுதல் மூன்று மணி நேரத்தின் வானிலையும் தாளில் இருக்க வேண்டும். தாளிலேயே மோசமான வரி எதுவோ, அதை வைத்துத்தான் போகலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டும்.

நேரத்தைப் படிப்பதில் கவனம். கடல் வானிலை அறிக்கைகள் பெரும்பாலும் யூடிசி என்னும் உலகப் பொது நேரத்தில் வரும். உங்கள் கடிகாரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் ஓடினால், 06 யூடிசி என்பது உங்களுக்குக் காலை 11.30.

படி 3: எண்கள் சொல்லாமல் விடுவதைப் படியுங்கள்

அறிக்கையில் உள்ள காற்றின் வேகம் சராசரி. திடீர் வீச்சு அதைவிட 40 சதவீதம் வரை கூடலாம். 20 நாட் என்று போட்டிருந்தால் 28க்குத் தயாராக இருங்கள்.

அலை உயரமும் அப்படித்தான். உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரியைத்தான் போடுவார்கள். 2 மீட்டர் என்றால், கிட்டத்தட்ட 4 மீட்டர் அலையும் இடையில் வரக்கூடும். பழகுபவர்கள் அதிகம் கவனிக்காதது அலை இடைவெளி, அதாவது ஒரு முகடுக்கும் அடுத்த முகடுக்கும் நடுவே எத்தனை வினாடி என்பது. ஆழ்கடலில் 12 வினாடி அலையின் நீளம் சுமார் 225 மீட்டர். படகு மெல்ல ஏறி இறங்கும். 5 வினாடி அலையின் நீளம் 39 மீட்டர்தான். அதே 2 மீட்டர் உயரத்தில் அது செங்குத்தாக எழுந்து படகை அறையும்.

வாடை என்றால் வடக்கிலிருந்து வரும் காற்று. அறிக்கையிலும் காற்றுக்கு அது வரும் திசைதான் பெயர். நீரோட்டத்துக்கு மட்டும் போகும் திசையைச் சொல்வார்கள். ஆகவே, வடக்குக் காற்றும் வடக்கு நீரோட்டமும் நேருக்கு நேர் மோதுகின்றன. அங்கே அலை குறுகிச் செங்குத்தாகிவிடும்.

படி 4: ஒரே செயலியை நம்பாதீர்கள்

செயலிகள் காட்டும் எண்கள் கணினி வானிலைக் கணிப்பு மாதிரிகளிலிருந்து வருபவை. அமெரிக்க ஜிஎஃப்எஸ் மாதிரியையும் ஐரோப்பிய மாதிரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் ஓரளவு நம்பலாம். முரண்பட்டால் மோசமானதை எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது ஒரு நாள் பொறுங்கள். இடிமழையோடு வரும் சூறைக்காற்றை மாதிரிகள் பல நேரம் தவறவிடும். அதனால், வானிலை மையம் எச்சரிக்கை விட்டிருந்தால், செயலி என்ன காட்டினாலும் எச்சரிக்கைக்கே மதிப்புக் கொடுங்கள்.

படி 5: கடலிலும் கவனியுங்கள்

காற்றழுத்தமானியை மணிக்கொரு தடவை பார்த்து எழுதுங்கள். மூன்று மணி நேரத்தில் 6 ஹெக்டோபாஸ்கலுக்கு மேல் இறங்கினால் அது மிக வேகமான இறக்கம். பலத்த காற்று பின்னாலேயே வரும். திரும்பிவிட வேண்டிய இடத்தையும் ஒதுங்கக்கூடிய துறைமுகங்களையும் அதே தாளில் குறித்திருக்க வேண்டும். படகில் உள்ள விஎச்எஃப் (கடல்சார் தொடர்பு) வானொலியில் புதிய அறிக்கை வரும்போதெல்லாம் பழைய எண்களை அடித்துப் புதியதை எழுதுங்கள்.

தாளின் ஒரு பிரதியைக் கரையில் இருக்கும் நம்பிக்கையானவரிடம் கொடுங்கள். எத்தனை மணிக்குள் உங்களிடமிருந்து தகவல் வராவிட்டால் கடலோரக் காவல் படைக்குச் சொல்ல வேண்டும் என்பதையும் அதன் மேலேயே பெரிதாக எழுதிக் கொடுங்கள்.