பக்கத்து லேன் மட்டும் ஏன் ஓடுகிறது?

மாலை ஐந்தரைக்கு கலிபோர்னியாவின் 101 ஃப்ரீவேயில் சான் ஓசே பக்கம் ஊர்ந்துகொண்டிருந்தால், பக்கத்து லேன் மட்டும் ஓடுவதுபோலத் தெரியும். மாறுவோம். உடனே அது நின்றுவிடும், விட்டுவந்த லேன் நகரும். ஒருநாள் கூரையில் ஏணி கட்டிய ஒரு வேனை அடையாளம் வைத்துக்கொண்டு நான்கு முறை மாறிப் பார்த்தேன். என் எக்ஸிட் வந்தபோது அது எனக்கு இரண்டு கார் முன்னால் நின்றது.

இது நம் ராசி இல்லை. 1999-ல் ரெடல்மையர், டிப்ஷிரானி என்ற இருவர் நேச்சர் இதழில் இதை விளக்கியிருக்கிறார்கள். இரண்டு லேனும் சராசரியில் ஒரே வேகத்தில் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். நாம் முந்தும்போது அங்கே வண்டிகள் நெருக்கியடித்து நிற்கும். பத்துக் காரைச் சில நொடிகளில் தாண்டிவிடுவோம். நம்மை முந்தும்போது அவர்கள் இடைவெளி விட்டு வருகிறார்கள். அதே பத்துக் கார் நம்மைத் தாண்ட வெகுநேரம் பிடிக்கும். போதாக்குறைக்கு, நாம் முந்தியவை பின்னால் மறைந்துவிடும், நம்மை முந்தியவை கண்ணெதிரிலேயே நிற்கும். ஆக, ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு லேன் மாறுவது முதல் தவறு.

இதைவிடப் பெரிய தவறு, முன்னால் இருக்கும் இடத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பது. நீங்கள் 55 மைல் வேகத்தில், அந்த லேனில் பின்னால் வருபவர் 75-ல் என்றால், நொடிக்கு ஒன்பது மீட்டர் வீதம் நெருங்குகிறார். முப்பது மீட்டர் இடைவெளி மூன்றரை நொடிக்குள் காலி. அவர் எவ்வளவு அழுத்தி பிரேக் போட வேண்டியிருக்கும் என்பதுதான் கேள்வி. மிரரில் அவர் கார் பெரிதாகிக்கொண்டே வந்தால் விட்டுவிடுங்கள். அளவு மாறாமல் தெரிந்தால் சரி, ஆனாலும் தோளுக்கு மேல் ஒருமுறை திரும்பிப் பாருங்கள், மிரரில் படாத கார் அங்கேதான் இருக்கும். நடு லேனுக்குப் போவதென்றால் அதற்கும் அந்தப் பக்கத்து லேனையும் பாருங்கள். அங்கிருந்து இன்னொருவர் அதே இடத்துக்குக் கண் வைத்திருப்பார்.

இண்டிகேட்டரை ஸ்டியரிங் திருப்பும்போதே போடுவது பலருக்குப் பழக்கம். ஃப்ரீவேயில் குறைந்தது ஐந்து நொடி முன்னால் போடச் சொல்கிறது கலிபோர்னியா டிஎம்வி (மோட்டார் வாகனத் துறை) கையேடு. (ஊரில் ஓட்டிவிட்டு வந்தவர்களுக்கு முதல் வாரம் இண்டிகேட்டருக்குப் பதில் வைப்பர்தான் ஓடும். அங்கே வலக்கைப் பக்கம் இருந்தது இங்கே இடப்பக்கம்.) அதற்காக, போட்டுவிட்டோம், வழிவிடுவார்கள் என்று நுழைந்துவிடக் கூடாது.

நுழைவதற்கு முன் தயங்கி வேகத்தைக் குறைப்பதும் வேண்டாம். வேகம் குறையக் குறைய, பின்னால் வருபவர் இன்னும் சீக்கிரம் நெருங்குவார்.

அப்புறம் எக்ஸிட். கடைசி இருநூறு அடியில் மூன்று லேனைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போகிறவர்களைத் தினமும் பார்க்கலாம். தவறினால் அடுத்த எக்ஸிட்டில் இறங்கித் திரும்பி வரலாம். ஜிபிஎஸ் அம்மா ஒருபோதும் கோபித்துக்கொள்வதில்லை, வேறு வழி சொல்வார்.