சேலத்துல மழைநீர் சேகரிப்பு போடறவங்க திரும்பத் திரும்பப் பண்ற தப்புங்க

ஆடி முடிஞ்சு ஆவணி பொறந்தாலே போன் வர ஆரம்பிச்சுடும், வீட்டுக்கு மழைநீர் சேகரிப்பு போடணும் என்ன செலவாகும்னு. 2003ல எல்லா கட்டடத்துக்கும் கட்டாயம்னு அரசாங்கம் சொன்னப்ப பேருக்கு ஒரு பைப்பை நட்டு வெச்சவங்கதான் அதிகம், இப்ப தேவைன்னு தானா வர்றாங்க, ரொம்ப சந்தோஷம். ஆனா புதுசா வர்றவங்க முன்னாடி இருந்தவங்க பண்ணுன அதே தப்பைப் பண்றாங்க. வலை கட்டுங்க, மூடி போடுங்கன்னு எல்லாருக்கும் தெரிஞ்சதை நான் சொல்லப் போறதில்ல.

மாடி பைப்பை நேரா போர்ல விடறது

இதைப் பாத்தா இன்னைக்கும் எனக்கு கோவம் வரும். அழகாபுரம் பக்கம் ஒரு வீடு, மேஸ்திரி போர் மூடியில ஓட்டை போட்டு மாடியில இருந்து வர்ற பைப்பை அப்படியே உள்ள சொருகி எம்சீல் வெச்சு அடைச்சுட்டாரு, நடுவுல ஃபில்டர்னு ஒண்ணுமே இல்ல. முதல் மழையில மாடியில மாசக்கணக்கா சேந்த புழுதி, புறா எச்சம், வேப்பஞ்சருகு எல்லாம் போருக்குள்ள போயிடுச்சு. "தண்ணி என்னவோ ஏறிடுச்சு தம்பி, கொழாய்ல சேறு மாதிரி வருது, வாடை வேற"ன்னு அந்த அக்கா சொன்னாங்க. மோட்டாரைத் தூக்கிப் பாத்தா உள்ள பூராவும் வண்டல்.

நம்மூரு பாறை ஊருங்க. மேல கொஞ்சம் மண்ணு, அப்புறம் மக்கின பாறை, அதுக்குக் கீழ கெட்டிப் பாறைதான். போர்ல தண்ணி வர்றது பாறையில இருக்கற சின்ன சின்ன வெடிப்பு வழியாத்தான், அந்த வெடிப்புல வண்டல் போய் உக்காந்தா ஊத்து அடைஞ்சுடும், கம்ப்ரசர் விட்டு ஊதுனாலும் முழுசா திரும்பும்னு சொல்ல முடியாது. மண்ணு வழியா மெதுவா இறங்குனா அழுக்கு வடிகட்டும், நேரா விட்டா அந்த வேலையே நடக்காது, அதே வெடிப்புல தண்ணி எடுக்கற பக்கத்து வீட்டுக்காரங்களுக்கும் அந்த அழுக்கு போகும். அவங்க என்ன பாவம் பண்ணுனாங்க?

முதல் மழையை வெளிய விடறதுக்கு பைப்புல தனியா ஒரு வால்வு வைங்க. அப்புறம் பெரிய ஜல்லி, சின்ன ஜல்லி, மணல்னு அடுக்குன ஃபில்டர் தொட்டி, அதுல வடிஞ்சு வர்ற தண்ணி போருக்குப் பக்கத்துல வெட்டுன குழிக்குப் போகட்டும், போருக்குள்ள வேண்டாம். வீட்டுல பழைய கிணறு இருந்தா அதைவிட நல்ல இடமே கிடையாது. கார் நிறுத்த இடம் வேணும்னு கட்டட இடிபாட்டைக் கொட்டி கிணத்தை மூடறாங்க பாருங்க, வயிறு எரியுது.

வழிஞ்சா எங்க போகும்னு பாக்காதது

1000 சதுர அடி மாடியில 1 சென்டிமீட்டர் மழை பேஞ்சா 900 லிட்டருக்கு மேல விழும். 3 அடி நீளம், 3 அடி அகலம், 5 அடி ஆழக் குழி பெருசா தெரியும், ஆனா ஜல்லி அடைச்சதும் பாதிக்கும் குறைவாத்தான் தண்ணிக்கு இடம். கீழ பாறை தட்டுனா இறங்கவும் நேரமாகும். அதனால குழி வெட்டுனதும் ரெண்டு டிரம் தண்ணி ஊத்தி எவ்வளவு நேரத்துல இறங்குதுன்னு பாருங்க, வழியறதுக்கு ஒரு பைப் கண்டிப்பா வைங்க, இல்லன்னா தண்ணி அஸ்திவாரத்தைத்தான் தேடிப் போகும்.

செப்டிக் டேங்க் பக்கத்துல குழி

வேண்டவே வேண்டாம்.

வாசல் பூரா சிமெண்ட்

வண்டி ஓடற ரெண்டு பட்டைக்கு மட்டும் கல்லு போடுங்க, மீதி மண்ணா இருக்கட்டும். மரத்தைச் சுத்தி தூர் வரைக்கும் பூசாதீங்க.

ஓடையில மனை

சேர்வராயன் மலையில பேயற மழை கன்னங்குறிச்சி மூக்கனேரிக்கும் திருமணிமுத்தாத்துக்கும் வர்ற பாதையில ஊரு வளந்துடுச்சு. 2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் புயலப்ப ஏற்காட்டுல கொட்டுன மழையை நாம எல்லாரும் பாத்தோம். மனை வாங்கறப்ப எஃப்எம்பிங்கற சர்வே அளவு வரைபடத்துல வாய்க்கால் கோடு இருக்கான்னு பாருங்க, காஞ்சு கெடக்குதுங்கறதால அது பாதை இல்லைன்னு ஆயிடாது.

போட்டுட்டு மறந்துடறது

வருஷா வருஷம் ஆடியிலயே மாடியைக் கூட்டி, ஃபில்டர்ல இருக்கற மணலையும் ஜல்லியையும் வெளிய எடுத்து அலசிக் காயவெச்சுப் போடுங்க. வீட்டை வாடகைக்கு விட்டிருந்தா, குடியிருக்கறவங்களைக் கூப்பிட்டு முதல் மழைக்கு வால்வை எந்தப் பக்கம் திருப்பணும்னு கையில புடிச்சுக் காட்டிக் குடுத்துட்டு வாங்க.