ஜப்பானில் படிக்கும்போது யுகத்தா உடுத்தப் பழகுவது எப்படி

ஜப்பானுக்குப் படிக்க வரும் மாணவர்களில் பலர் கிமோனோவை முதன்முதலாக அணிவது வாடகைக் கடையில்தான். கியோத்தோவில் கியோமிசு கோயிலுக்கு ஏறும் வழியில் அத்தகைய கடைகள் நிறைய உள்ளன. சில ஆயிரம் யென் கொடுத்தால் அங்குள்ள பெண்கள் விறுவிறுவென்று உடுத்திவிடுவார்கள், மாலையில் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஒருநாள் பயணிக்கு அது போதும். ஓராண்டுக்கு மேல் தங்கிப் படிக்கும் மாணவர் சொந்தமாக ஒரு யுகத்தா வாங்கி, தன் கையாலேயே உடுத்தப் பழகுவதுதான் நல்லது என்பது என் கருத்து. யுகத்தா என்பது உள்துணி தைக்காத, கோடைக்கான பருத்தி உடை. பட்டுக் கிமோனோவோடு ஒப்பிட்டால் இதற்கு வேண்டிய துணைப்பொருள்கள் குறைவு, வீட்டிலேயே துவைக்கலாம், அணிந்து செல்லவும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் திருவிழாக்களுக்கும் வாணவேடிக்கைகளுக்கும் பஞ்சமில்லை.

வாங்குவதற்கு முன் எதை எப்போது அணியலாம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். அக்டோபர் முதல் மே வரை உள்துணி வைத்துத் தைத்த கிமோனோ, ஜூனிலும் செப்டம்பரிலும் உள்துணி இல்லாதது, கடுங்கோடையில் வலை போன்ற மெல்லிய துணி என்பது மரபு. வெயில் முன்கூட்டியே வந்துவிடுவதால் இன்று பலர் இதைத் தளர்த்திக்கொள்கிறார்கள். யுகத்தா குளியலோடு தொடர்புடைய உடையாகத் தொடங்கியது என்பதால் திருவிழாவுக்கும் மாலை உலாவுக்கும் பொருந்துமே தவிர, பட்டமளிப்பு விழாவுக்கோ முறையான தேநீர்ச் சடங்குக்கோ பொருந்தாது. மார்ச் மாதப் பட்டமளிப்பில் மாணவிகள் கிமோனோவின் மேல் ஹகமா என்னும் மடிப்புக் கீழாடையை அணிவார்கள். ஜனவரி இரண்டாம் திங்கட்கிழமை வரும் வயதுவந்தோர் நாளில் நீண்ட கைகளையுடைய ஃபுரிசோதேயைக் காணலாம். இவ்விரண்டையும் வாடகைக்கு எடுப்பதே மாணவர் கைக்கு ஏற்றது.

மே மாதத்திலிருந்தே கடைகளில் யுகத்தா, ஒபி என்னும் இடைக்கச்சை, கெத்தா என்னும் மரக்காலணி மூன்றும் சேர்ந்த தொகுப்புகள் வந்துவிடும். இன்னும் மலிவாக வேண்டுமானால் கியோத்தோவில் மாதந்தோறும் 21ஆம் தேதி தோஜி கோயிலிலும் 25ஆம் தேதி கித்தானோ தென்மாங்கு ஆலயத்திலும் கூடும் சந்தைகளில் பழைய உடைகளைக் கிளறிப் பார்க்கலாம். பெண்களுக்கான உடையின் நீளம் ஏறக்குறைய நம் உயரத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். ஐந்து சென்டிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் சமாளித்துவிடலாம். கழுத்தின் நடுவிலிருந்து மணிக்கட்டு வரையுள்ள அளவையும் பார்க்க வேண்டும், ஏனெனில் பழைய உடைகளில் பெரும்பாலும் குறைவது அதுதான். சந்தையில் கிமோனோவும் கண்ணில் படும். அப்போது பூவேலை ஏதுமில்லாத முழுக் கறுப்பில் ஐந்து வெள்ளைக் குலச்சின்னங்கள் மட்டும் இருக்கும் ஒன்றை அழகென்று வாங்கிவிடக் கூடாது. அது துக்க உடை.

உடுத்தும்போது மாறாத விதி ஒன்று உண்டு: நம் இடப்பக்கத் துணி மேலே வர வேண்டும். கி.பி. 719இல் வந்த அரசாணையிலிருந்தே இது வழக்கம். வலப்பக்கம் மேலே வருவது இறந்தவருக்கு உடுத்தும் முறை. சரிபார்க்க எளிய வழி, வலக்கை மார்பு மடிப்புக்குள் தடையின்றி நுழைகிறதா என்று பார்ப்பதே.

பெண்கள் உடுத்தும் முறை இது. மெல்லிய பருத்தி உள்ளாடையின் மேல் யுகத்தாவைப் போட்டுக்கொண்டு, முதுகின் நடுத்தையல் தண்டுவடத்தின் மேல் நேராக இருக்கிறதா என்று பாருங்கள். விளிம்பைக் கணுக்கால் எலும்பு வரை தூக்கிப் பிடித்து, முதலில் இடப்பக்கத்தை இழுத்து அதன் ஓரம் வலது இடுப்பில் எங்கே வருகிறது என்று அளந்துகொண்டு, பிறகு அதைத் திறந்து வலப்பக்கத்தை உள்ளே சுற்றி, அதன் கீழ்நுனியைச் சற்றே உயர்த்தி, அதன் மேல் இடப்பக்கத்தை மூடுங்கள். இடுப்பெலும்புக்கு மேலாகக் கோஷிஹிமோ என்னும் துணிக்கயிற்றை இறுகக் கட்டுங்கள். இந்த முடிச்சு தளர்ந்தால் மற்றவை அனைத்தும் தளரும். அக்குளுக்குக் கீழே தைக்காமல் விட்டிருக்கும் திறப்புகள் எதற்கென்று இப்போது விளங்கும்: அவற்றின் வழியே இரு கைகளையும் உள்ளே விட்டு, கயிற்றின் மேல் தொங்கும் மிகைத் துணியை முன்னும் பின்னும் நீவிச் சமப்படுத்த வேண்டும். ஒஹஷோரி எனப்படும் இந்த மடிப்பு ஒபிக்குக் கீழே நேரான பட்டையாகத் தெரிய வேண்டும். பிடரிக்கும் கழுத்துப் பட்டிக்கும் இடையே ஒரு கைமுட்டி அளவு இடைவெளி விட்டு, மார்புக்குக் கீழே இரண்டாம் கயிற்றைக் கட்டுங்கள்.

சேலை கட்டிப் பழகிய கைகள் இங்கே சற்றுத் தடுமாறும். சேலையில் பாவாடைக்குள் செருகிக்கொள்கிறோம். இங்கே எதையும் செருகுவதில்லை, எல்லாவற்றையும் கயிறுகளே தாங்குகின்றன. முன்கொசுவமும் கிடையாது, முன்பக்கம் சுருக்கமின்றி ஒரே தளமாக இருக்க வேண்டும். ஆதலால்தான் நடை தானாகவே குறுகுகிறது.

யுகத்தாவுக்குரிய ஒபி பாதி அகலத்தில் இருக்கும். சுமார் 15 முதல் 17 சென்டிமீட்டர். இரண்டு சுற்றுச் சுற்றி, முன்பக்கத்திலேயே முடிச்சுப் போட்டு, முழுவதையும் வலப்பக்கமாகச் சுழற்றி முதுகுக்குக் கொண்டு போங்கள். இடப்பக்கமாகச் சுழற்றினால் துணியின் ஓரம் எதிர்த்திசையில் இழுபட்டு, பாடுபட்டு அமைத்த மார்பு மடிப்பு திறந்துவிடும். எங்கள் பல்கலைக்கழகத் தேநீர்க் கழகத்தின் மூத்த மாணவி ஒருவர், சுழற்றும்போது மூச்சை இழுத்து வயிற்றை உள்ளடக்கச் சொல்வார். உண்மையிலேயே அது உதவுகிறது. ஆண்களுக்கு வேலை குறைவு: உடை அவரவர் உயரத்துக்கேற்பத் தைக்கப்படுவதால் இடுப்பு மடிப்பு இல்லை, கழுத்துப் பட்டி பிடரியை ஒட்டியே இருக்கும், குறுகிய ஒபியைத் தொப்புளுக்குக் கீழே முன்பக்கம் தாழ்த்திக் கட்டினால் போதும்.

முதல் வெளியுலாவுக்குக் கியோத்தோவில் நடக்கும் கியோன் திருவிழாவின் ஜூலை 14 முதல் 16 வரையிலான மாலைகள் ஏற்றவை. தேர் ஊர்வலம் 17ஆம் தேதி. கூட்டம் நெரிக்கும், ஆனால் எங்கும் யுகத்தாக்களே தெரியும் என்பதால் கூச்சம் இராது. படியேறும்போது முன்விளிம்பை வலக்கையால் சற்றுத் தூக்குங்கள். எதையேனும் எடுக்கக் கை நீட்டினால் மறுகையால் தொங்கும் சட்டைக்கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். நாற்காலியில் சாய்ந்தால் ஒபி முடிச்சு நசுங்கும். கெத்தாவின் வார் விரலிடுக்கில் உரசிப் புண்ணாக்கும், ஆகவே முன்னதாகவே அறைக்குள் போட்டு நடந்து பழகுங்கள். அயல்நாட்டவர் அணிவதைப் பெரும்பாலான ஜப்பானியர் மகிழ்ச்சியோடுதான் பார்க்கிறார்கள். எப்போதாவது முன்பின் தெரியாத மூதாட்டி ஒருவர் உங்கள் ஒபியை இழுத்துச் சரிசெய்யக்கூடும். இவ்வாறு கேளாமலே திருத்த வருபவர்களைக் ‘கிமோனோ போலீஸ்’ என்று கேலி செய்வதும் உண்டு. திருத்தியதைக் கவனித்தால் ஒரு பாடம் இலவசமாகக் கிடைக்கும்.

வீடு திரும்பியதும் வியர்வை காய்வதற்குள் துவைத்துவிடுவது நல்லது. தையலை ஒட்டி மடித்து வலைப்பையில் இட்டு, சாயம் போகக்கூடுமாதலால் மற்றத் துணிகளோடு சேர்க்காமல் குளிர்ந்த நீரில் அலசி, நீண்ட கோலில் கைகளை விரித்து நிழலில் உலர்த்துங்கள். ஒபியைத் துவைக்க வேண்டாம், காற்றாட விட்டாலே போதும். நன்றாக உலர்ந்த பின் தையல் கோடுகள் வழியே மடித்து, கிமோனோவுக்கென்றே விற்கும் காகித உறையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் வைத்தால் இங்குள்ள ஈரப்பதத்தில் பூஞ்சை பிடித்துவிடும்.