சாஃப்ட் லைனர் ஓரத்தில் உரிகிறதா? முதலில் பல்செட்டின் உள்பக்கத்தைப் பாருங்கள்

பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி பஸ் ஏறித் தர்மபுரிக்கு வருகிறார். கீழ்த்தாடை பல்செட்டின் உள்பக்கம் ஈறில் உறுத்தாமலிருக்கப் போட்ட சாஃப்ட் லைனர் என்ற மெத்தென்ற படலம் ஒரே மாதத்தில் ஓரத்தில் பிரிந்து தொங்குகிறது. உடனே மெட்டீரியலைக் குறை சொல்லிவிடுகிறோம். நான் பார்த்தவரை தப்பு பெரும்பாலும் ஒட்டுகிற பரப்பில்தான்.

உங்கள் லைனர் எந்த வகை? அக்ரிலிக் என்றால் செட்டும் அதே குடும்பம்தான், அதன் திரவம் செட்டின் மேல்பரப்பைக் கொஞ்சம் இளக்கி உள்ளே இறங்கிப் பிடித்துக்கொள்ளும். சிலிகானுக்கு அக்ரிலிக்கோடு தானாக ஒட்டும் குணம் கிடையாது, நடுவில் தடவுகிற பிரைமர்தான் இரண்டையும் கட்டிப்போடுகிறது. அதனால் லைனரோடு வந்த பிரைமரை மட்டும் போடுங்கள், வேறு கம்பெனியுடையது வேண்டாம்.

சரி, இப்போது செட்டு. நம் பக்கம் வெற்றிலை பாக்கு போடுகிறவர்கள் அதிகம், கறையும் காரையும் அப்பியிருக்கும். சோப்பு போட்டு பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாகக் காயவைத்து, பிறகு கார்பைடு பர்ரால் (சுழன்று ராவும் முனை) உள்பக்கம் முழுவதும் ராவுங்கள். பழைய பரப்பு ஒரு திட்டுகூட மிஞ்சாமல் புது ரோஸ் நிற அக்ரிலிக் தெரிய வேண்டும். லைனருக்குச் சுமார் 2 மில்லிமீட்டர் இடம் தேவை, ஆனால் செட்டு ஏற்கெனவே மெலிந்திருந்தால் அவ்வளவு ராவினால் உடைந்துபோகும், அப்படிப்பட்டதற்குப் புது செட்டே நல்லது. விளிம்பில் லைனரைக் கத்தி முனைபோல மெலியவிடாதீர்கள், நேராக ஒரு படி வெட்டி அதில் முட்டி நிற்கும்படி செய்யுங்கள். உரிதல் தொடங்குவது அந்த மெல்லிய ஓரத்தில்தான்.

எவ்வளவு சொரசொரப்போ அவ்வளவு பிடிப்பு என்று நினைத்து சாண்ட்பிளாஸ்ட் (நுண்துகளை வேகமாக வீசிப் பரப்பைச் சொரசொரப்பாக்குவது) செய்கிறவர்கள் உண்டு. ஆய்வுகளில் அதன் பலன் ஒரே மாதிரி வரவில்லை, சிலவற்றில் பிடிப்பு குறைந்தே போனது. கெட்டியான லைனர் அந்தச் சிறு குழிகளுக்குள் முழுதாக இறங்காமல் காற்று அடைபட்டால், இழுக்கும்போது அங்கேதான் விடும். பர் தரும் சீரான சொரசொரப்பே போதும் என்பது என் கருத்து.

அக்ரிலிக் லைனருக்கு முன் மோனோமரால் (அக்ரிலிக்கைக் கலக்கும் திரவம்) பரப்பை நனைத்துவிடலாம், தடவின உடனே துடைத்துவிடாமல் கொஞ்ச நேரம் ஊற விடுங்கள். செட்டு ரிப்பேரில் 3 நிமிடம் நனைத்தால் பிடிப்பு கூடுவது தெரிந்த விஷயம். சிலிகானுக்கு பிரைமரை மெல்லிசாக, இடைவெளியில்லாமல் தடவி, பாக்கெட்டில் போட்டிருக்கிற நேரம்வரை காயவிடுங்கள். அவசரப்பட்டால் கரைப்பான் உள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

தயாரான பரப்பில் விரல் படவே கூடாது, எச்சிலும் படக்கூடாது. வெளிப்பக்கம் பூசுகிற வாஸ்லின் ஒரு துளி உள்ளே வழிந்தாலும் போச்சு, திரும்ப ராவுங்கள். சிலிகானில் அடிஷன் சிலிகான் என்ற வகை என்றால் லேடெக்ஸ் கிளவுஸையும் கழற்றிவிடுங்கள், அதிலுள்ள கந்தகம் இறுகுவதையே தடுக்கும்.

பாட்டியிடம் கொடுப்பதற்கு முன் மழுங்கலான கருவியால் ஓரம் முழுவதும் மெல்ல நெம்பிப் பாருங்கள். தூக்கினால் அங்கேயே பிரித்து மறுபடி போடுங்கள், இன்னொரு நாள் கூலியை விட்டுவிட்டு அவரை வரவைக்க வேண்டாம்.