‘வரலாற்றில் இன்று’ பட்டியல்: தேதி பிசகாமல் தயாரிப்பது எப்படி?

தினம் ஒரு வரி ‘வரலாற்றில் இன்று’ போடுவதற்கு நிகழ்வுகளுக்குப் பஞ்சமில்லை. தேதியில்தான் தகராறு. ரஷ்யப் புரட்சி அக்டோபர் 25ஆ, நவம்பர் 7ஆ? டைட்டானிக் ஏப்ரல் 14ஆ, 15ஆ? ஐரோப்பாவில் இரண்டாம் உலகப் போர் முடிந்தது மே 7ஆ, 8ஆ, 9ஆ? வேடிக்கை என்னவென்றால் இவை எல்லாமே சரியான விடைகள்தாம். எந்தக் கேள்விக்கு எது விடை என்பதைத்தான் முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும்.

படி 1: அட்டவணை

எக்செல், கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆபீஸ் கால்க், எதில் வேண்டுமானாலும் தொடங்கலாம். ஆனால் தேதியை ஒரே செல்லில் தேதியாக அடிக்க வேண்டாம். எக்செலுக்கு 1900 ஜனவரி 1க்கு முன்னால் உலகமே கிடையாது. 1857 மே 10 என்று கொடுத்தால் அதை வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். வரிசைப்படுத்தும்போது தனியே ஒதுக்கிவிடும். போதாக்குறைக்கு, 1900 லீப் ஆண்டு என்று நம்பிக்கொண்டு, இல்லாத பிப்ரவரி 29ஐயும் காட்டும். (பழைய லோட்டஸ் 1-2-3 மென்பொருளோடு ஒத்துப்போவதற்காக உள்ளே வந்த பிழை அது. இன்றுவரை எடுக்கவில்லை.)

இன்னொரு வம்பு 8/12/1941 போன்ற தேதிகள். மாதம் முதலில் வரும்படி அமைத்த கணினியில் இது ஆகஸ்ட் 12 ஆகிவிடும். நாள் 12க்குள் இருக்கும்வரை எந்த எச்சரிக்கையும் வராது. 12ஐத் தாண்டினால்தான் பிழை கண்ணில் படும்.

ஆகவே ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் தனித்தனி நெடுவரிசைகளில் வெறும் எண்களாக வையுங்கள். நான்காவதாக ‘வரிசை எண்’: மாதத்தை 100ஆல் பெருக்கி நாளைக் கூட்டுங்கள். ஜனவரி 30 என்றால் 130, ஆகஸ்ட் 15 என்றால் 815, டிசம்பர் 7 என்றால் 1207. முதலில் இந்த எண்ணாலும் அடுத்து ஆண்டாலும் வரிசைப்படுத்தினால் 366 நாளும் ஒழுங்காக நிற்கும். முன்னால் பூஜ்யம் போடும் தொல்லையும் இல்லை.

மற்ற நெடுவரிசைகள்: நிகழ்வு, இடம், உள்ளூர் நேரம், நாட்காட்டி, ஆவணத்தில் உள்ளபடி தேதி, கிழமை, ஆதாரம் 1, ஆதாரம் 2, குறிப்பு. இவற்றில் ‘ஆவணத்தில் உள்ளபடி’ நெடுவரிசையில் மட்டும் ஒருமுறை எழுதியதை மாற்றவே கூடாது. திருத்தம், மாற்றம், கணக்கு எல்லாம் மற்ற இடங்களில். ஏன் என்பது படி 4இல் புரியும்.

மூன்றில் ஒன்றைச் சொல்லச் சொன்னால், கால்க். 1900க்கு முந்தைய தேதிகளையும் அது தேதியாகவே ஏற்றுக்கொள்ளும். கிழமை பார்க்க அது வசதி.

படி 2: வினைச்சொல்லை முடிவு செய்யுங்கள்

‘டைட்டானிக் விபத்து’ என்று எழுதினால் தேதி கிடைக்காது. பனிப்பாறையில் *மோதியது* 1912 ஏப்ரல் 14, கப்பல் நேரப்படி இரவு 11.40. *மூழ்கியது* ஏப்ரல் 15 அதிகாலை 2.20. வினைச்சொல் மாறினால் நாளும் மாறுகிறது.

‘இந்திய அரசியலமைப்பு உருவான நாள்’ என்பதும் அப்படித்தான். *ஏற்கப்பட்டது* 1949 நவம்பர் 26. *நடைமுறைக்கு வந்தது* 1950 ஜனவரி 26. அமெரிக்க விடுதலையை எடுத்துக்கொண்டால், பிரிட்டனிலிருந்து பிரிவதென்று *வாக்களித்தது* 1776 ஜூலை 2, பிரகடன வாசகத்தை *ஏற்றது* ஜூலை 4, பெரும்பாலோர் *கையெழுத்திட்டது* ஆகஸ்ட் 2. ஜூலை 4 அன்று எல்லோரும் கூடி நின்று கையெழுத்திட்டார்கள் என்ற வரி சுற்றிக்கொண்டே இருக்கிறது. தேதி சரி, வினைச்சொல் தப்பு.

நிகழ்வு என்ற நெடுவரிசையில் பெயர்ச்சொல்லோடு நிற்காமல் முழு வாக்கியமாக எழுதுங்கள். ‘போபால் விஷவாயு’ என்று விடுவதைவிட, ‘1984 டிசம்பர் 2ஆம் தேதி இரவு தொடங்கி 3ஆம் தேதி அதிகாலை வரை நச்சுவாயு கசிந்தது’ என்று எழுதிவிட்டால் பிறகு தகராறு வராது.

படி 3: எந்த ஊர்க் கடிகாரம்?

விதி ஒன்றுதான்: நிகழ்வு நடந்த இடத்தின் உள்ளூர்த் தேதி. பேர்ல் ஹார்பர் தாக்குதல் ஹவாயில் 1941 டிசம்பர் 7 காலை. அப்போது ஜப்பானில் டிசம்பர் 8. அதே நாளில் மலாயாவின் கோத்தா பாருவில் ஜப்பானியப் படை கரையிறங்கியது. அந்தத் தேதி டிசம்பர் 8. ஆனால் நேரத்தைக் கணக்கிட்டால் கோத்தா பாருதான் முந்தியது, ஒரு மணி நேரத்துக்கும் மேலாக. பட்டியலில் அடுத்தடுத்த நாளில் நிற்பதாலேயே எது முதல் என்று சொல்லிவிட முடியாது.

இடமே பூமியில் இல்லையென்றால்? அப்பல்லோ 11 நிலவில் இறங்கியது 1969 ஜூலை 20, உலகப் பொது நேரம் 20.17. ஆம்ஸ்ட்ராங் கால் வைத்தது பொது நேரப்படி ஜூலை 21, 02.56. அமெரிக்கக் கிழக்குக் கரையில் அப்போது இன்னும் ஜூலை 20 இரவு 10.56, இந்தியாவில் ஜூலை 21 காலை 8.26. இப்படிப்பட்டவற்றுக்குப் பொது நேரத்தைக் குறிப்பில் எழுதிவிட்டு, வரியில் எந்த நேரம் என்று சொல்லிவிடுங்கள்.

மே 7, 8, 9 சிக்கலும் இங்கேதான் அவிழ்கிறது. பிரான்சின் ரைம்ஸ் நகரில் ஜெர்மனி சரணடைவுப் பத்திரத்தில் கையெழுத்திட்டது 1945 மே 7 அதிகாலை. சண்டை நிறுத்தம் அமலுக்கு வந்தது மே 8 இரவு 11.01க்கு. மாஸ்கோ கடிகாரத்தில் அப்போது மே 9 பிறந்துவிட்டது.

எல்லாவற்றையும் பொது நேரத்துக்கு மாற்றும் ஆர்வம் வேண்டாம். தொலைக்காட்சியும் வானொலியும் இல்லாத காலத்து நிகழ்வுக்கு அதனால் பயன் எதுவும் இல்லை. தேதியைக் குழப்புவதுதான் மிச்சம்.

படி 4: நாட்காட்டி (இங்கேதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள்)

பழைய முறையான ஜூலியன் நாட்காட்டியில் நான்காண்டுக்கு ஒரு லீப் ஆண்டு, விலக்கே கிடையாது. இன்று நாம் பயன்படுத்தும் புதிய முறையான கிரிகோரியனில் 1700, 1800, 1900 போல 400ஆல் வகுபடாத நூற்றாண்டுகள் லீப் அல்ல. அதனால் இடைவெளி நூற்றாண்டுக்கு நூற்றாண்டு வளர்கிறது:

- 1582 அக்டோபர் முதல் 1700 பிப்ரவரி வரை 10 நாள்
- 1700 மார்ச் முதல் 1800 பிப்ரவரி வரை 11 நாள்
- 1800 மார்ச் முதல் 1900 பிப்ரவரி வரை 12 நாள்
- 1900 மார்ச் முதல் 2100 பிப்ரவரி வரை 13 நாள்

எந்த நாடு எப்போது மாறியது என்பதும் தெரிய வேண்டும். ஸ்பெயின், போர்ச்சுகல், போலந்து, இத்தாலியின் பெரும்பகுதி: 1582 அக்டோபர் 4க்கு அடுத்த நாள் அக்டோபர் 15. பிரான்ஸ்: அதே ஆண்டு டிசம்பர் 9க்கு அடுத்து 20. பிரிட்டனும் அதன் குடியேற்றங்களும்: 1752 செப்டம்பர் 2க்கு அடுத்து 14. ரஷ்யா: 1918 ஜனவரி 31க்கு அடுத்து பிப்ரவரி 14. கிரீஸ்: 1923 பிப்ரவரி 15க்கு அடுத்து மார்ச் 1. ரஷ்யாவின் ‘அக்டோபர்’ புரட்சி நவம்பரில் கொண்டாடப்படுவதன் காரணம் இதுதான்: 25 + 13 நாள் = நவம்பர் 7.

இனி, தவறுகள் எப்படி நேர்கின்றன என்று பார்ப்போம். டால்ஸ்டாய் பிறந்தது பழைய முறையில் 1828 ஆகஸ்ட் 28. பத்தொன்பதாம் நூற்றாண்டு என்பதால் 12 கூட்ட வேண்டும்: செப்டம்பர் 9. புரட்சிக்குக் கூட்டிய பழக்கத்தில் 13 கூட்டினால் செப்டம்பர் 10 வரும், தப்பு. ஏற்கெனவே மாற்றிய செப்டம்பர் 9ஐ எடுத்து, ‘ரஷ்யர் ஆயிற்றே’ என்று மறுபடி 12 கூட்டினால் செப்டம்பர் 21. இரட்டை மாற்றம்தான் கண்டுபிடிக்கக் கடினமான பிழை. ஆவணத் தேதியைத் தொடாமல் தனியே வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

இதையும் மிஞ்சும் ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தில் 1751 வரை சட்டப்படி ஆண்டு பிறந்தது ஜனவரி 1 அன்று அல்ல, மார்ச் 25 அன்று. ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரை நடந்தவற்றை அக்கால ஆவணங்கள் முந்தைய ஆண்டில் எழுதின. முதலாம் சார்லஸ் மன்னன் தலை வெட்டப்பட்டது அன்றைய கணக்கில் 1648 ஜனவரி 30. நமக்கு அது 1649. ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்தது அன்றைய பதிவில் 1731 பிப்ரவரி 11. இன்றைய கணக்கில் 1732 பிப்ரவரி 22. நாளும் மாறுகிறது, ஆண்டும் மாறுகிறது. 1648/49 என்று சாய்கோடு போட்ட ஆண்டைப் பார்த்தால் அது அச்சுப்பிழை அல்ல, இந்த எச்சரிக்கைதான்.

சரி, எதை வெளியிடுவது? ஒரே கொள்கையைக் கடைசிவரை பிடித்துக்கொள்ளுங்கள். பரிந்துரை இது:

1582 அக்டோபர் 15க்கு முன் நடந்தவை ஜூலியன் தேதியிலேயே இருக்கட்டும். கொலம்பஸ் கரை கண்ட 1492 அக்டோபர் 12, கான்ஸ்டான்டிநோபிள் வீழ்ந்த 1453 மே 29, இவற்றை யாரும் மாற்றுவதில்லை. ரஷ்ய நிகழ்வுகளை மாற்றுங்கள், பழைய தேதியைக் குறிப்பில் போடுங்கள். 1582க்கும் 1752க்கும் இடைப்பட்ட ஆங்கிலேய நிகழ்வுகளில் நாளை அப்படியே விட்டு, ஆண்டை மட்டும் ஜனவரி 1 கணக்குக்குக் கொண்டுவந்து, ‘பழைய முறை’ என்று அடைப்புக்குறியில் சேருங்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எலிசபெத் அரசி சாசனம் தந்தது 1600 டிசம்பர் 31 (பழைய முறை). புதிய முறைக்கு மாற்றினால் 1601 ஜனவரி 10 என்று வரும்; கணக்கு சரி, ஆனால் தேடி வருபவர் யாரும் அந்த நாளில் தேடமாட்டார். வாஷிங்டன் மட்டும் விலக்கு. அவர் பிறந்த நாள் பிப்ரவரி 22 என்றே நிலைத்துவிட்டது.

‘இரு மேதைகள் ஒரே நாளில்’ வகைச் செய்திகளைக் கண்டால் முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். ஷேக்ஸ்பியரும் ஸ்பெயின் எழுத்தாளர் செர்வான்டெஸும் ஒரே நாளில் இறந்தார்கள் என்பார்கள். ஆனால் ஷேக்ஸ்பியர் இறந்த 1616 ஏப்ரல் 23, அதே காலத்து ஸ்பெயின் நாட்காட்டியில் மே 3. கலிலியோ இறந்த 1642இலேயே நியூட்டன் பிறந்தார் என்பதும் அப்படித்தான்: நியூட்டனின் 1642 டிசம்பர் 25 இங்கிலாந்துக் கணக்கு, கலிலியோவின் இத்தாலியக் கணக்கில் அது 1643 ஜனவரி 4.

படி 5: கிழமையை வைத்துப் பிடியுங்கள்

நாட்காட்டி மாறியபோது தேதிகள் குதித்தன, கிழமைகள் குதிக்கவில்லை. 1752 செப்டம்பர் 2 புதன், அடுத்த நாள் 14 வியாழன். இடைவெளியான 10, 11, 12, 13 எதுவும் 7ஆல் வகுபடாது. ஆகவே நாட்காட்டி மாறிப்போயிருந்தால் கிழமை கட்டாயம் காட்டிக்கொடுக்கும்.

சார்லஸ் மன்னன் கொல்லப்பட்டது செவ்வாய்க்கிழமை என்று பதிவு. 1649 ஜனவரி 30ஐக் கணினியில் புதிய முறைப்படி போட்டால் சனிக்கிழமை வரும். 10 நாள் கூட்டிப் பிப்ரவரி 9 போட்டால் செவ்வாய். எனவே பதிவில் உள்ளது பழைய முறைத் தேதி. முடிந்தது வேலை.

கணினி இல்லாமலே பார்க்க ஒரு குறுக்குவழி: எந்த ஆண்டிலும் 4/4, 6/6, 8/8, 10/10, 12/12 ஐந்தும் ஒரே கிழமையில் வரும். 1947இல் அது வெள்ளி. ஆகஸ்ட் 8 வெள்ளியென்றால் 15ம் வெள்ளி.

சரியாக ஏழு நாள் பிழையை இந்தச் சோதனை பிடிக்காது. ஆண்டு தவறினால் பெரும்பாலும் பிடித்துவிடும்.

படி 6: ஆதாரம்

இணையத்தின் ‘இந்த நாளில்’ பக்கங்கள் நிகழ்வுகளைப் பொறுக்கி எடுக்க நல்லவை. தேதியைச் சரிபார்க்க உதவாதவை. ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியிருக்கும். பத்துத் தளங்கள் ஒரே தேதியைச் சொன்னாலும் அது ஒரே ஆதாரம்தான். அந்த நிகழ்வுக்கான தனிக் கட்டுரை, அரசிதழ், தந்தி, நீதிமன்றப் பதிவு, அக்காலச் செய்தித்தாள் என்று போங்கள். செய்தித்தாளில் மேலே அச்சான தேதி நிகழ்ந்த தேதி அல்ல. செய்திக்குள் ‘நேற்று’, ‘நேற்று முன்தினம்’ என்று இருப்பதைப் பார்த்துக் கழியுங்கள்.

18ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் கப்பல் குறிப்பேடுகளில் இன்னொரு பொறி: அவர்களுக்கு நாள் பிறப்பது நண்பகலில். பிற்பகல் நிகழ்வுகள் ஒரு நாள் தள்ளியே எழுதப்பட்டிருக்கும்.

ஆட்சியாண்டு, கிழமை, நட்சத்திரம் மட்டும் சொல்லும் கல்வெட்டுகளை இந்தப் பட்டியலுக்குள் இழுக்க வேண்டாம். அவற்றைத் தேதியாக்குவது தனிப் படிப்பு.

பின்சேர்க்கை

*பிப்ரவரி 29:* நிகழ்வை அதற்குரிய வரிசை எண் 229இலேயே வையுங்கள். லீப் அல்லாத ஆண்டில் காட்ட வேண்டுமென்றால் 228இல் ஒரு சுட்டுக்குறிப்பு போதும். ஸ்வீடனின் 1712 பிப்ரவரி 30 உண்மையான தேதி, அதை ‘திருத்திவிடாதீர்கள்’.

*கிழமை குதித்த இடங்கள்:* தேதிக்கோடு (உலக வரைபடத்தில் ஒரு நாள் மாறும் எல்லை) நகர்ந்தால் கிழமைச் சோதனை தோற்கும். 1867இல் அலாஸ்கா அமெரிக்கா வசம் வந்தபோது நாட்காட்டியும் தேதிக்கோடும் சேர்ந்து மாறின. அக்டோபர் 6 வெள்ளிக்கு அடுத்த நாள் அக்டோபர் 18, அதுவும் வெள்ளி. சமோவாவில் 2011 டிசம்பர் 30 என்ற நாளே கிடையாது.

*கி.மு. ஆண்டுகள்:* பூஜ்யம் ஆண்டு இல்லாததால் ‘இத்தனையாவது ஆண்டு’ என்று கணக்கிடும்போது ஒன்றைக் கழிக்க வேண்டும். ஜூலியஸ் சீசர் கொல்லப்பட்ட கி.மு. 44 மார்ச் 15க்கு 2000 ஆண்டு நிறைந்தது 1957இல், 1956இல் அல்ல. அட்டவணையில் கி.மு. ஆண்டுகளைக் கழித்தல் குறியோடு அடித்தால் வரிசை சரியாக வரும். வெளியிடும்போது குறியை எடுத்துவிட்டு ‘கி.மு.’ என்று மாற்ற மறக்காதீர்கள்.