கேரம் பலகையில் உந்தமும் ஆற்றலும்: படிப்படியாக ஒரு செய்முறை

உந்தமும் ஆற்றலும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொள்ளும் மாணவர்கள் ஏராளம். இரண்டிலும் நிறையும் வேகமும் வருவதால் எழும் குழப்பம் அது. சூத்திரத்தை எத்தனை முறை எழுதிப் பார்த்தாலும் தெளியாதது, ஒரு கேரம் பலகையின் முன் அரை மணி நேரம் உட்கார்ந்தால் தெளிந்துவிடும்.

தேவை: பலகை, பவுடர், ஸ்ட்ரைக்கர், இரண்டு காய்கள், அளவுகோல், கொஞ்சம் சப்பாத்தி மாவு. ஸ்ட்ரைக்கர் ஏறத்தாழ 15 கிராம். காய் 5 கிராமுக்குச் சற்று மேல். கணக்குக்கு 15, 5 என்றே வைத்துக்கொள்வோம். பவுடரைச் சீராகத் தேயுங்கள். அங்கங்கே திட்டுத்திட்டாக இருந்தால் அளவு ஏமாற்றிவிடும்.

படி 1: வேலை
ஒரு காயைச் சுண்டுங்கள். விரல் காயைத் தொட்டுத் தள்ளும் அந்தச் சிறு தூரத்தில்தான் நீங்கள் வேலை செய்கிறீர்கள்: விசை × விசையின் திசையில் நகர்ந்த தூரம். அசையாத சுவரை வியர்க்க வியர்க்கத் தள்ளினாலும் சுவரின் மீது செய்த வேலை பூஜ்யமே.

படி 2: ஆற்றல்
அந்த வேலை காயின் இயக்க ஆற்றலாகிறது: ½ × நிறை × வேகத்தின் இருபடி. பிறகு உராய்வு அதைத் தின்று தீர்க்கிறது. வேகம் இரு மடங்கானால் காய் நான்கு மடங்கு தூரம் ஓடும். 18-ஆம் நூற்றாண்டில் டச்சு அறிஞர் கிராவசாண்டே, களிமண்ணில் பித்தளைக் குண்டுகளை விழவிட்டு இந்த இருபடி உறவைத்தான் கண்டார். ஆக, காய் ஓடிய தூரத்தை அளந்தால் ஆற்றலை அளந்ததாகும்.

படி 3: காயும் காயும்
ஒரு காயை இன்னொன்றின் நடுவில் நேராக மோதவிடுங்கள். வந்தது கிட்டத்தட்ட அங்கேயே நின்றுவிடும், நின்றது ஓடும். நிறை × திசைவேகம் என்கிற உந்தம் அப்படியே கைமாறிவிட்டது.

படி 4: ஸ்ட்ரைக்கரும் காயும்
எனக்கு மிகவும் பிடித்த படி இதுதான். மெதுவாக அடியுங்கள், காய் சட்டத்தில் மோதினால் கணக்கு கெட்டுவிடும். ஸ்ட்ரைக்கர் நிற்காமல் பின்னாலேயே வருவதைக் கவனியுங்கள்.

ஸ்ட்ரைக்கர் நொடிக்கு 100 சென்டிமீட்டர் வேகத்தில் வந்தால் உந்தம் 15 × 100 = 1500. ஆற்றல் சிறிதும் வீணாகாத மீட்சி மோதலில், ஸ்ட்ரைக்கரின் வேகம் 50 ஆகும், காய் 150-இல் பாயும். உந்தம் 750 + 750, அதே 1500. ஆற்றல் முதலில் 75,000. பிறகு 18,750 + 56,250, அதே 75,000. இரண்டு கணக்கும் ஒருசேர நேராகும் விடை இது ஒன்றுதான். உந்தம் பாதிப்பாதியாகப் பிரிந்தது; ஆற்றலிலோ முக்கால் பங்கு காய்க்குப் போய்விட்டது. இரண்டும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா?

இப்போது மோதிய இடத்திலிருந்து இரண்டும் ஓடிய தூரங்களை அளந்து பாருங்கள். வேகம் மூன்று மடங்கு என்பதால் காய் ஒன்பது மடங்கு தூரம் போக வேண்டும். எவ்வளவு பலமாக அடித்தாலும் இந்த விகிதம் மாறாது. உங்கள் பலகையில் ஒன்பதுக்குக் குறைவாகத்தான் வரும். காதில் விழுந்த அந்த ‘டக்’ ஓசையிலும், மோதிய விளிம்பில் பிறந்த வெப்பத்திலும் கொஞ்சம் ஆற்றல் போய்விட்டது. ஸ்ட்ரைக்கரும் காயும் பலகையில் ஒரேபோல் உராய்வதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 5: ஒட்டிக்கொள்ளும் மோதல்
காயின் விளிம்பில் துளி மாவை ஒட்டி, இன்னொரு காயை அதன்மேல் மோதுங்கள். இரண்டும் ஒட்டிக்கொண்டு பாதி வேகத்தில் நகரும். நிறை இரட்டிப்பு, வேகம் பாதி, உந்தம் குறையவில்லை. இயக்க ஆற்றலோ பாதியாகிவிட்டது. காய்களைப் பிரித்து மாவைப் பாருங்கள்: நசுங்கிப் பள்ளமாகியிருக்கும். காணாமல் போன பாதி அங்கேதான் செலவாகியிருக்கிறது.