காதுகுத்து அன்றைக்கு சைக்கிளில்: செய்யக்கூடாத சில தவறுகள்

சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு சைக்கிளில் போவதென்று நாலு பேர் முடிவு செய்து, லீவு போட்டு, திரும்பி வர ரயில் டிக்கெட்டும் எடுத்த பிறகுதான் அக்கா போன் செய்தாள். பையனுக்கு மொட்டை, காதுகுத்து. மானாமதுரைப் பக்கம் குலதெய்வம் கோயிலில், ஆனி மாத ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குத்தான் எங்கள் கடைசி நாள், திருநெல்வேலியிலிருந்து கன்னியாகுமரி. மடியில் உட்காரவைக்க அண்ணன் இருக்கிறான், ஆனால் நானும் தாய்மாமன்தானே. அந்த ஒரு நாளில் நான் செய்த தவறுகளை நீங்கள் செய்ய வேண்டாம்.

முதல் தவறு சைக்கிளில் ஏறுவதற்கு முன்பே நடந்துவிட்டது. அக்கா கேட்டதும் "பார்க்கிறேன்" என்றேன். நம் வீடுகளில் அதற்கு வருகிறேன் என்றுதான் அர்த்தம். "சின்னவன் எப்படியும் வந்துருவான்" என்று அம்மா ஊர் முழுக்கச் சொல்லியாயிற்று. பத்து நாள் இருக்கும்போது நான் முடியாது என்றேன். "அன்னைக்கே சொல்லியிருந்தா தேதியை மாத்தியிருப்பேனேடா" என்றாள் அக்கா. உண்மைதான். கல்யாணம் மாதிரி மண்டபம் பிடித்த விசேஷம் இல்லை. பத்திரிகை அடிக்கும் முன் சொல்லியிருந்தால் ஒரு வாரம் முன்னே பின்னே நகர்ந்திருக்கும்.

சீர் விஷயத்தில் இன்னும் மோசம். தோடு, துணி, பழத்தட்டு எல்லாம் மாமன் வீட்டிலிருந்து போக வேண்டியது. கிளம்பும் முன்பே வாங்கி அண்ணனிடம் கொடுத்திருக்கலாம். நான் ஞாயிறு அதிகாலை லாட்ஜில் உட்கார்ந்து போனில் பணம் அனுப்பினேன். அங்கே யாரோ அதை மொய் நோட்டில் எழுதிவிட்டார்கள். தாய்மாமன் சீர் மொய்யாகிப்போன கதை எங்கள் குடும்பத்தில் இன்னும் ஓடுகிறது.

மதுரையைத் தாண்டும்போது எல்லாருக்கும் வரும் யோசனை எனக்கும் வந்தது. சைக்கிளை லாட்ஜில் போட்டுவிட்டு ராத்திரி பஸ்ஸில் போய், தலையைக் காட்டிவிட்டுத் திரும்பினால் என்ன? வேண்டாம். ராத்திரி பஸ்ஸில் தூங்காத உடம்போடு மறுநாள் சைக்கிளில் ஏறுவது, அதுவும் லாரி ஓடும் நான்குவழிச் சாலையில், ஆபத்து. போவதென்றால் அந்த நாளின் பயணத்தையே விட்டுவிட்டுப் போங்கள். சைக்கிளை ரயிலில் கொண்டுபோக பார்சலில் பதிய வேண்டும், அதற்கு முன்கூட்டியே நிலையத்தில் இருக்க வேண்டும். ஓடிப்போய் ஏறும் காரியம் இல்லை.

காற்றைக் கணக்கில் எடுக்காததுதான் பெரிய தவறு. 85 கிலோமீட்டர்தானே, ஐந்து மணிக்குக் கிளம்பினால் ஒன்பதரைக்குள் கன்னியாகுமரி, குளித்துவிட்டு வீடியோ காலில் காதுகுத்தைப் பார்க்கலாம் என்று நினைத்தேன். அந்தக் கணக்கு தை மாதத்துக்குச் சரி. ஆனியில் தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் புகுந்து அடிக்கும். முப்பந்தலில் அத்தனை காற்றாலை சும்மாவா நட்டிருக்கிறார்கள்? காற்றில்லாத நாளில் 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள் என்று வையுங்கள். அதே வேகத்தில் 20 கிலோமீட்டர் எதிர்காற்றில் போனால் காற்று தடுக்கும் விசை நாலு மடங்கு. வேகத்தைக் காப்பாற்றப் பார்த்தால் முழங்கால் போகும். வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும்.

பணகுடியிலிருந்து கன்னியாகுமரி நோக்கி இறங்கும்போது காற்று பெரும்பாலும் வலது பக்கத்திலிருந்து வரும். அதைத் தாங்க உடம்பு தானாகவே வலப்பக்கம் சாய்ந்திருக்கும். ஒரு லாரி பக்கத்தில் கடந்தால் அந்த நொடி காற்று நின்றுவிடும், சாய்ந்த சாய்வில் சைக்கிள் லாரியை நோக்கி இழுக்கும். லாரி போனதும் காற்று திரும்ப வந்து ஓர் அறை. எனக்கு இது நடந்தபோது ஒரு கை ஹேண்டில்பாரில், இன்னொரு கையில் போன். அண்ணன் வீடியோ காலில் "மொட்டை ஆரம்பிச்சாச்சு, பாரு" என்று கத்திக்கொண்டிருந்தான். பாரின் மேல் கை இறுகியது மட்டும் ஞாபகம் இருக்கிறது. சாலையை விட்டு இறங்கி, ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்த பிறகும் தொடை நடுங்கியது.

அதனால் போனை எடுப்பதென்றால் கடையில் நின்று எடுங்கள். பத்திரிகையில் 9 முதல் 10.30 என்று போட்டிருந்தாலும் ஆசாரி வருவது பத்தே காலுக்குத்தான், அவசரமே இல்லை. வழி பார்ப்பதும் அதே போன் என்றால் பவர் பேங்க் இல்லாமல் வீடியோ காலில் உட்காராதீர்கள். நான் பார்த்தது ஒரு காது குத்துவதை மட்டும்தான், இரண்டாவது காதுக்கு முன் சார்ஜ் போய்விட்டது.

சாப்பாடும் கவனம். அங்கே கறிவிருந்து படம் குடும்ப குரூப்பில் வரிசையாக வரும். வெறும் வயிற்றோடு அதைப் பார்த்து, கோபமாக யாரிடமாவது பேசிவிடுவீர்கள். நான் அக்காவிடம் பேசினேன். அவள் சீர் பற்றிக் கேட்ட நேரத்தில் இரண்டு மணி நேரமாக நான் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. நாலு இட்லி, ரெண்டு மட்டிப்பழம், உப்புப் போட்ட ஒரு மோர் உள்ளே போன பிறகு திரும்ப அழையுங்கள், நியாயம் எந்தப் பக்கம் என்று தெரியும்.

கன்னியாகுமரிக்குப் போய்ச் சேர மணி இரண்டு. கடலுக்கு முன் சைக்கிளைத் தூக்கிப் பிடித்த படத்தை உடனே குடும்ப குரூப்பில் போட்டேன். அதற்கும் மறுநாள் வரை பொறுத்திருக்கலாம். பெரியப்பா ஒரு கும்பிடு மட்டும் அனுப்பினார்.

ஊர் திரும்பியதும் முதலில் அக்கா வீட்டுக்குப் போங்கள், பழத்தோடு. விசேஷ வீடியோவை முழுதாகப் போட்டுக் காட்டுவார்கள், எங்களுடையது இரண்டே முக்கால் மணி நேரம். தள்ளி ஓட்டச் சொல்லாதீர்கள்.